27 வயதில் பிரஷர், மூன்று மாத்திரைக்கும் இறங்கவில்லை: கிட்னியை எப்படிச் சோதிப்பது?

தங்கச்சிமடத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கேட்டதன் சுருக்கம்: தங்கைக்கு 27 வயது. கடல் பாசி எடுக்கப் போகிறவர். கல்யாணமாகி இரண்டு வருடம், இன்னும் குழந்தை இல்லை. தலைவலி என்று காட்டப் போன இடத்தில் பிபி 180/110. அம்லோடிபின், டெல்மிசார்டான், அதோடு ஒரு தண்ணீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைப்பது) என மூன்று மாதமாகச் சாப்பிட்டும் 160க்குக் கீழே வரவில்லை. கிரியேட்டினின் 1.1, பொட்டாசியம் 3.3. ராமநாதபுரத்தில் பார்த்த டாக்டர் சிறுநீரக ரத்தக்குழாய்க்கு டாப்ளர் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எழுதியிருக்கிறார், தேவைப்பட்டால் சிடி ஆஞ்சியோ என்றும் சொல்லியிருக்கிறார். மாமியார் வீட்டில், "பிரஷருக்குக் கிட்னியை எதுக்குப் பார்க்கணும், கருவாட்டை நிறுத்தினா போதும்" என்கிறார்கள். போன வருடம் ஊரில் நடந்த முகாமில் பிபி சரியாகத்தான் இருந்ததாம். இறால் சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், அப்படியிருக்க ஊசி போட்டு எடுக்கும் சிடி ஆகுமா என்பது கடைசிக் கேள்வி.

டாக்டர் எழுதிக்கொடுத்தது சரி, கண்டிப்பாகச் செய்யுங்கள். ஆனால் டாப்ளருக்குப் பாம்பன் பாலம் தாண்டுவதற்கு முன்பே உங்கள் ஊர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முடிக்கக்கூடிய சில சோதனைகள் இருக்கின்றன. செலவு அனேகமாக ஒன்றுமில்லை. அதனாலேயோ என்னவோ, அவைதான் அடிக்கடி விட்டுப்போகின்றன. இந்தக் கடலோரத்தில் வைத்தியம் பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கமும் அதுதான்.

முதலில் கருவாட்டு விஷயம். உப்பைக் குறைக்க வேண்டியதுதான், அதில் மறுபேச்சில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது, அதாவது எல்லாச் சாப்பாட்டிலும் சேர்த்து ஒரு டீஸ்பூன் கூட வராது. ஆனால் மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் கருவாடு புழங்காத வீடு எது? அவர் வயதுப் பெண்கள் எல்லோருக்கும் 180 ஏறவில்லையே. உப்புக் காற்று, உப்புத் தண்ணீர், கருவாடு என்று காரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் நம் பக்கத்தில் தேடுவதை அத்தோடு நிறுத்திவிடுகிறோம். 30 வயதுக்குள் வரும் பிரஷர், தண்ணீர் மாத்திரை உட்பட மூன்று மருந்துக்கும் மசியாத பிரஷர், இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே பின்னால் வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். உங்கள் தங்கைக்கு இரண்டும் இருக்கின்றன.

அப்படித் தேடும்போது முதலில் கிட்னியைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. உடம்பின் பிரஷரைக் கூட்டவும் குறைக்கவும் செய்வதில் பெரும்பங்கு அதனுடையது. ரத்த ஓட்டம் குறைவதாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். அதன் தொடர்ச்சியாக ரத்தக்குழாய்கள் இறுகும், உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பிரஷர் ஏறும். சிறுநீரகத்துக்குப் போகும் தமனி சுருங்கிவிட்டால் என்ன ஆகும் என்பது கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். கடைமடை வயலுக்குப் போகும் வாய்க்கால் தூர்ந்துபோயிருக்கிறது. கண்மாயில் தண்ணீர் இல்லை என்று நினைத்து அந்த வயல்காரர் மடையை இன்னும் திற, இன்னும் திற என்கிறார். மற்ற வயலெல்லாம் மூழ்கினாலும் அவர் வயலுக்குப் போதவில்லை, அவர் கேட்பதும் நிற்கவில்லை. ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவ ஆய்வாளர் 1934ல் நாயின் சிறுநீரகத் தமனியைக் கிளிப் போட்டு இறுக்கி, பிரஷர் ஏறுவதைச் செய்தே காட்டினார். தமனி நன்றாக இருந்து சிறுநீரகத் திசுவே கெட்டிருந்தாலும் பிரஷர் ஏறும். ஆகவே நாம் தேடுவது இரண்டு: தமனியில் சுருக்கமா, திசுவில் நோயா?

இனி செய்ய வேண்டியது. தங்கையை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, இரண்டு கையிலும் பிபி பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கையிலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முகாமில் வரிசை நிற்கும்போது எந்தக் கை வாகாக நீள்கிறதோ அதில் பார்த்து அனுப்பிவிடுவார்கள், அது யார் குற்றமும் இல்லை. ஆனால் போன வருடம் நார்மல், இந்த வருடம் 180 என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் சந்தேகம், இரண்டும் ஒரே கையில்தான் பார்த்தார்களா என்பது.

காரணம் இருக்கிறது. டக்கயாசு நோய் என்று ஒன்று உண்டு. ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ டக்கயாசு 1908ல் ஒரு இளம்பெண்ணின் கண்ணில் பார்த்த மாற்றங்களை எழுதிவைத்ததால் அந்தப் பெயர். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்துச் சுருங்கும். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். நம் நாட்டில் சிறு வயதில் சிறுநீரகத் தமனி சுருங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கைக்குப் போகும் தமனியும் சேர்ந்து சுருங்கியிருந்தால் அந்தக் கையில் அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும். உள்ளே 180 ஓடிக்கொண்டிருக்கும், இடது கை 120 என்று சொல்லும், முகாமில் "நல்லா இருக்கும்மா, போ" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு கைக்கும் இடையே மேல் அளவில், அதாவது முதலில் சொல்லும் எண்ணில், 10 வரை வித்தியாசம் சகஜம். 15, 20 என்று போனால் டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இரண்டு மணிக்கட்டிலும் நாடி ஒரே பலமாக அடிக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தங்கையிடம் நீங்களே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது: பாசி பறிக்கும்போது ஒரு கை மட்டும் சீக்கிரம் அசந்துபோய் வலிக்கிறதா? அப்புறம், காலிலும் ஒருமுறை பிபி பார்ப்பது நல்லது. கையில் அதிகம், காலில் குறைவு என்றால் பெருந்தமனியிலேயே எங்கோ நெருக்கம் இருக்கலாம், சில பேருக்கு அது பிறவியிலேயே வரும்.

அடுத்தது யூரின். உங்கள் கேள்வியில் கிரியேட்டினின் இருக்கிறது, பொட்டாசியம் இருக்கிறது, யூரின் ரிசல்ட்டைக் காணோம். எழுத மறந்திருந்தால் சரி. எடுக்கவே இல்லை என்றால் நாளைக் காலையிலேயே எடுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், நடுவில் பிடித்தது, சுத்தமான டப்பாவில். மாதவிடாய் நாட்களிலும் காய்ச்சல் இருக்கும்போதும் வேண்டாம், ரிசல்ட் குழப்பும். சாதாரண யூரின் டெஸ்டில் புரதமும் ரத்த அணுக்களும் இருக்கிறதா என்று தெரியும். அதோடு அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதமும் கேளுங்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே அல்புமின் இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. புரதம் நிறையப் போய், கூடவே ரத்த அணுக்களும் இருந்தால் சந்தேகம் தமனியிலிருந்து திசுவுக்கு நகர்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் அழற்சி இருக்கலாம், அதற்கு வழி வேறு. தமனிச் சுருக்கம் மட்டும் என்றால் யூரின் பெரும்பாலும் சுத்தமாகவோ, லேசான புரதத்தோடோதான் இருக்கும். இவ்வளவு சேதி சொல்லும் சோதனையைத் தள்ளிவிட்டு நேரே சிடிக்கு ஓடுவதை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

கிரியேட்டினின் 1.1 என்பதைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். லேப் சீட்டில் நார்மல் என்று அச்சடித்திருக்கலாம். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம்தான் அதை வடிகட்டி வெளியேற்றும்; ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது. 27 வயது ஆணுக்கு 1.1 என்றால் வடிகட்டும் திறன் கணக்குப்படி சுமார் 94 வரும். அதே வயதுப் பெண்ணுக்கு அதே 1.1 சுமார் 70தான். 60க்குக் கீழே மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று வைக்கிறோம், அந்த நிலைக்கு அவர் போகவில்லை. ஆனாலும் இந்த வயதுக்கு 70 குறைவு. ஆகவே ரிசல்ட்டில் கிரியேட்டினின் எண்ணோடு, இந்த வடிகட்டும் திறனைச் சொல்லும் ஈஜிஎஃப்ஆர் என்ற எண்ணையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றையும் தேடிப் பாருங்கள். டெல்மிசார்டான் ஆரம்பிப்பதற்கு முன்பு கிரியேட்டினின் பார்த்தார்களா? பழைய சீட்டு எங்காவது மடித்து வைத்திருக்கும். முன்பு 0.8 இருந்து இப்போது 1.1 என்றால் சுமார் 38 சதவீதம் ஏறியிருக்கிறது. எனலாப்ரில், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரைகளை ஆரம்பித்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கிரியேட்டினின் பார்ப்பதே இதற்காகத்தான். 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் இரண்டு பக்கமும் தமனி சுருங்கியிருக்குமோ என்று யோசிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுருங்கியிருந்தால் மற்றச் சிறுநீரகம் ஈடுகட்டிவிடும், கிரியேட்டினின் அசையாமலே இருக்கலாம். அதனால் ஏறவில்லை என்பதை வைத்துத் தமனி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

பொட்டாசியம் 3.3 எனக்கு உறுத்துகிறது. 3.5க்கு மேல் இருக்க வேண்டும். தண்ணீர் மாத்திரை பொட்டாசியத்தை இறக்கும், உண்மைதான். ஆனால் டெல்மிசார்டான் அதை ஏற்றிவிடும் மருந்து. இரண்டும் சேர்ந்து சாப்பிட்டும் 3.3 என்றால் உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உடம்பில் அதிகம் சுரக்கிறதா என்று பார்ப்பது நியாயம். ரத்தத்தில் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் ஒரே நேரத்தில் அளப்பார்கள். தமனிச் சுருக்கத்தில் இரண்டுமே உயரும். சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறு என்றால் ஆல்டோஸ்டிரோன் உயர்ந்து ரெனின் அமுங்கிக் கிடக்கும். சாப்பிடும் மாத்திரைகள் இந்த எண்களை மாற்றிவிடும் என்பதால் எதை எத்தனை நாள் நிறுத்தி எடுப்பது என்று டாக்டர் சொல்வார். நீங்களாக நிறுத்தக் கூடாது.

பாசிக்குப் போகிறவர் என்பதால் கேட்கிறேன்: இடுப்பு வலி, மூட்டு வலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் உண்டா? டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரியான வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், தொடர்ந்து போட்டால் சிறுநீரகத்தையும் அரிக்கும். கருத்தடை மாத்திரை, ஸ்டீராய்டு கலந்த நாட்டுப் பொடி, இவற்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையைத் தினமும் போடுகிறாரா என்பதையும் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள்.

இப்போது டாப்ளர். வயிற்று ஸ்கேன் மாதிரியேதான், வலியில்லை, ஊசியில்லை, கதிர்வீச்சில்லை. முதலில் சாதாரண ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்தின் நீளத்தையும் அளப்பார்கள். பெரியவர்களுக்கு 9 முதல் 12 சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சின்னதாக இருக்கும் பக்கத்துத் தமனியில் சந்தேகம் விழும். நீர்க்கட்டிகள் நிறைந்த பரம்பரை நோய், கல் அடைப்பு, சின்ன வயதில் சிறுநீர் பின்னோக்கி ஏறித் தழும்பான சிறுநீரகம், எல்லாம் இதிலேயே தெரியவரும். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது தங்கைக்கு அடிக்கடி குளிர்காய்ச்சலோடு நீர்க்கடுப்பு வந்ததா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போங்கள், அது உதவும்.

அதன் பிறகு தமனிக்குள் ரத்தம் பாயும் வேகத்தை அளப்பார்கள். நெருக்கமான இடத்தில் வேகம் கூடும். நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, பெருந்தமனியின் வேகத்தைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் போனாலோ குறிப்பிடத்தக்க சுருக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். டாப்ளரின் குறை என்னவென்றால், எடுப்பவரின் கையும் பொறுமையும் முக்கியம். வயிற்றில் வாயு இருந்தால் தமனி சரியாகத் தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்பதால் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள். தங்கச்சிமடத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பும்போது பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரில் போட்டுவிட்டே கிளம்பட்டும். ஸ்கேனுக்காக அதை விட வேண்டாம். ரிப்போர்ட்டில் "தமனி முழுவதும் தெளிவாகத் தெரியவில்லை" என்று இருந்தால் அதை நார்மல் என்று படித்துவிடாதீர்கள். சோதனை முடியவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

டாப்ளரில் சுருக்கம் தெரிந்தாலும், தெரியாமல் சந்தேகம் மட்டும் பலமாக இருந்தாலும் அடுத்தது சிடி ஆஞ்சியோ. கை நரம்பில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திச் சில நொடிகளில் படம் எடுப்பார்கள். மருந்து ஏறும்போது உடம்பு முழுக்கச் சூடு பரவுவது போல இருக்கும், பயப்பட வேண்டாம். இறால் பயமும் வேண்டாம். இறால், நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அவற்றில் உள்ள புரதம். இந்த ஊசி மருந்தோடு அதற்குத் தனித் தொடர்பு கிடையாது. கடலோர ஊர்களில் இந்த ஒரு பயத்தால் சிடியைத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவசியமே இல்லை. முன்பு இதே ஊசி மருந்து போட்டுத் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதுதான் எச்சரிக்கை. ஆஸ்துமா இருந்தாலும் சொல்லிவிடுங்கள். வடிகட்டும் திறன் 70 இருக்கிறவருக்கு இந்த மருந்தால் சிறுநீரகம் கெடும் வாய்ப்பு மிகக் குறைவு. 30க்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் யோசித்துச் செய்ய வேண்டும்.

இரண்டு கைக்கும் பிபி வித்தியாசம் வந்திருந்தால் சிடிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது வயிற்றை மட்டும் எடுக்காமல் கழுத்திலிருந்து அடிவயிறு வரை பெருந்தமனி முழுவதையும் ஒரே தடவையில் எடுக்கச் சொல்வார். இல்லாவிட்டால் வயிற்றுக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று என்று இரண்டு முறை ஊசி, இரண்டு முறை கதிர்வீச்சு. அழற்சி இருக்கிறதா என்று பார்க்க ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளும் செய்வார்கள். அவை நார்மலாக இருந்தும் டக்கயாசு நோய் இருக்கலாம்.

சிடிக்குப் பதிலாக எம்ஆர்ஐ கருவியில் எடுக்கும் எம்ஆர் ஆஞ்சியோவும் உண்டு. அதில் கதிர்வீச்சு இல்லை, அயோடின் இல்லை. ஆனால் சுருக்கத்தைச் சில நேரம் பெரிதாக்கிக் காட்டும், சின்னக் கிளைகளில் கோட்டைவிடும். கேப்டோப்ரில் மாத்திரை கொடுத்து எடுக்கும் ஐசோடோப் ஸ்கேன் இப்போது குறைந்துவிட்டது. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் விட்டு எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் கடைசித் தீர்ப்பு. சுருக்கத்துக்கு முன்னும் பின்னும் பிரஷரை நேரடியாக அளந்து, 20க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தச் சுருக்கம் ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறது என்று முடிவு செய்யலாம். அதே மேஜையில் பலூன் வைத்து விரிக்கவும் முடியும் என்பதால், சிகிச்சைக்குத் தயாராக இருக்கும்போதுதான் அதைச் செய்வார்கள்.

உறவுக்காரர்கள் "எங்க அப்பாவுக்கும் இதே அடைப்புதான், ஸ்டென்ட் வேண்டாம்னுட்டாங்க" என்று சொல்லக்கூடும். பீடி, சிகரெட், சர்க்கரை என்று இருந்து 60 வயதில் வரும் சுருக்கம் கொழுப்புப் படிவது. அவர்களுக்கு ஸ்டென்ட் வைப்பது மாத்திரையைவிடப் பெரிதாக உதவவில்லை என்று 2009ல் அஸ்ட்ரல், 2014ல் கோரல் என்ற இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. உங்கள் தங்கை வயதுக்கு அந்த முடிவு பொருந்தாது. இளம்பெண்களுக்குத் தமனியின் சுவரே அங்கங்கே முண்டும் முடிச்சுமாகத் தடித்துச் சுருங்கும் இன்னொரு நோய் உண்டு. அதில் பலூன் வைத்து விரித்தாலே நல்ல பலன் கிடைக்கும், சிலருக்கு மாத்திரையே நின்றுபோகும். டக்கயாசு என்றால் முதலில் அழற்சியை மருந்தால் அடக்கிவிட்டு, பிறகு தேவைக்கேற்ப விரிப்பார்கள். இரண்டும் இல்லை, யூரினில்தான் புரதமும் ரத்தமும் என்றால் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி தேவைப்படலாம்.

மாமியார் வீட்டார் கேட்காத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்கிற பெண்ணுக்கு டெல்மிசார்டான் ஆகாது, கருவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏதாவது நாள் தள்ளியிருந்தால் இன்றே கர்ப்பப் பரிசோதனை செய்து டாக்டரிடம் போங்கள். சிடிக்கு முன்பும் அது அவசியம். கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய லெபடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா போன்ற மருந்துகள் இருக்கின்றன, எப்போது மாற்றுவது என்று டாக்டர் சொல்வார். அதுவரை குழந்தைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளிவைப்பதுதான் தங்கைக்கு நல்லது. கண்டுபிடிக்காத சிறுநீரகப் பிரஷரோடு கர்ப்பம் தரித்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. சோதனைகளை முடித்துவிட்டால் அந்தப் பாதையே எளிதாகும். இதை மாமியாரிடம் நீங்களோ உங்கள் அம்மாவோ நேரில் உட்கார்ந்து பேசுங்கள், தங்கையை மட்டும் அங்கே தனியாக வாதாட விடாதீர்கள்.

செலவுக்கு: ராமநாதபுரத்தில் 2022லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது, அதன் மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள். குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சை என்று வந்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு எழுதிக்கொடுப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், எதெது அதில் வரும் என்று காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள். பழைய சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரை அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். கண் விழித்திரையைப் பார்ப்பதும் ஈசிஜியும் அந்தப் போக்கிலேயே முடித்துக்கொள்ளலாம், இத்தனை நாள் பிரஷர் என்ன செய்திருக்கிறது என்று அவை காட்டும்.

இதற்கிடையில் பிபி 180/120க்கு மேல் போய், கூடவே கண் மங்குதல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, வாந்தியோடு தலைவலி, குழறல் ஏதாவது வந்தால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு கை பிபியும், காலை யூரின் ரிசல்ட்டும், டெல்மிசார்டானுக்கு முந்தைய கிரியேட்டினினும் கிடைத்ததும் எழுதுங்கள். டாப்ளர் ரிப்போர்ட் வந்துவிட்டால் அதில் இருக்கும் சிறுநீரக நீளங்களையும் வேக எண்களையும் அப்படியே சேர்த்து அனுப்புங்கள்.